பேரீச்சம்பழம் போடாத சாக்லேட்

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் கண்முன்னே லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பாள். வீட்டில் அப்படிக் கேட்கும் வழக்கம் கிடையாது. எது தெளிவு என்பதை அவளே முடிவு செய்துவிடுவாள். பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருப்பதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பாள்; படித்து முடித்ததும், அதை வாங்கியவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். ஓரகத்தி அவளுக்கு ‘லேபிள்’ என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

மாடியில் அண்ணன் குடும்பம், கீழே தம்பி குடும்பம். ஓரகத்தி திரைச்சீலை தைப்பவள். தையல் மும்முரத்தில் தன் இரண்டு பையன்கள் கையிலும் கடை ஐஸ்கிரீமைத் திணித்து உட்கார வைத்துவிடுவாள். லேபிளுக்கு வேறென்ன பாக்கியம் வேண்டும்? ஒருவரை மட்டமாக நினைக்க நித்தமும் ஒரு காரணம் மாடிப்படிக்குக் கீழேயே கிடைத்துக்கொண்டிருந்தது. தன் மகளைக் கீழே அனுப்பமாட்டாள். போனால் வாயில் எதையாவது வைத்துவிடுவார்கள். அந்தப் பையன்கள் மேலே வரமாட்டார்கள். வந்தால் வாயில் வைக்க எதுவும் கிடைக்காது. ஆகவே அந்த எட்டு வயதுப் பெண் சதுரங்கத்தில் இரண்டு பக்கமும் தானே ஆடி, தானே தோற்றுக்கொண்டிருந்தாள்.

மகளுக்காகத்தான் சாக்லேட் குச்சி செய்ய ஆரம்பித்ததாகச் சொல்லிக்கொண்டாள். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. வாழைப்பழம், தேங்காய்ப்பால், கோகோ பொடி, இனிப்புக்குப் பேரீச்சம்பழம். அரைத்து அச்சில் ஊற்றிக் குச்சி செருகி ஃப்ரீசரில் வைப்பாள். முதலில் வந்ததெல்லாம் பல்லைப் பெயர்க்கும் பனிக்கட்டி. மகள் முகம் சுளித்தபோதெல்லாம் அவளுக்குள் ஒரு திருப்தி. நல்லதை நாக்கு ஏற்காது என்பது அவள் கட்சி.

ஒருநாள் கணவர் தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழங்களை வாங்கி வந்து நின்றார். அவரைத் திட்டிக்கொண்டே அரைத்தாள். அன்றைக்கென்று வெண்ணெய் மாதிரி உறைந்தது. மகள் ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அம்மா பார்க்கும் முன்பே படியிறங்கினாள். சற்று நேரத்தில் சித்தி பையன்கள் இருவரும் மேலே நின்றார்கள். மறுநாளும் வந்தார்கள். கூடமெங்கும் சதுரங்கக் காய்கள் சிதறிக் கிடந்தன. தோற்பதற்கு வேறு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பெண் கத்திக் கத்திப் பேசினாள்.

லேபிளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குள் ஓரகத்தி மேலே வந்தாள்.

“அக்கா, இத எப்படிச் செய்றீங்கன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க. கடையில வாங்குறத நிறுத்திடுறேன். நீங்க இத்தன நாளா சொன்னது சரிதான்.”

வேறு யாராக இருந்தாலும் மனம் குளிர்ந்திருக்கும். இவளுக்குக் கையிலிருந்த எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. கீழ்வீடும் திருந்திவிட்டால் மேல்வீட்டுக்கு என்ன உயரம்? இந்தக் கேள்வியை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவ்வளவு நேர்மை அவளிடம் என்றைக்குமே இருந்ததில்லை. இன்னும் பக்குவம் சரியாக வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்று ஓரகத்தியை அனுப்பிவிட்டுக் கணவரிடம் போனாள்.

“பிள்ளைங்க இவ்ளோ ஆசையாத் தின்னா, அதுல ஏதோ கோளாறு இருக்குங்க.”

“நல்லா இருக்குறதுதான் கோளாறா?”

“பேரீச்சம்பழமும் சர்க்கரைதான். நாக்கக் கெடுத்துடும்.”

அவர் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார். அவருடைய வீரம் எப்போதும் ஒரு வாக்கியத்தோடு தீர்ந்துவிடும்.

அடுத்த முறை அரைக்கும்போது மகள் மிக்ஸி பக்கத்தில் வந்து நின்றாள்.

“பேரீச்சம்பழம் போடும்மா. போடலன்னா அவங்க வரமாட்டாங்க.”

“திங்கறதுக்காக வர்றவங்க நமக்கு எதுக்குடி?”

கொள்கையின் பேரில் செய்கிற அற்பத்தனத்தில் ஒரு சௌகரியம்: செய்தவருக்குத் தூக்கம் கெடுவதில்லை.

பேரீச்சம்பழம் போடாத குச்சியைப் பெரிய பையன் ஒருமுறை நக்கிவிட்டுத் தம்பியைப் பார்த்தான். சின்னவன் மரியாதை தெரிந்தவன். “வயிறு ஃபுல்லா இருக்கு பெரியம்மா” என்று குச்சியைத் தட்டிலேயே வைத்தான். அதன்பிறகு படியில் காலடிச் சத்தம் இல்லை. சில நாள் மகள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அங்கே எதையும் வாயில் வைக்காதே என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் கடைசிப் படிக்குப் போய்விட்டாள். கீழிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. திரும்ப அழைத்தாள். தையல் மெஷின் இரைச்சலில் அது கேட்கவில்லையோ, கேட்க யாருக்கும் விருப்பமில்லையோ.

லேபிள் ஒரு குச்சியை எடுத்துக் கடித்தாள். கசந்தது. முகம் சுளிக்காமல் முழுவதையும் தின்று முடித்தாள். இன்னும் கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருப்பதாகத்தான் அவளுக்குப் பட்டது. அடுத்த முறை வாழைப்பழத்தையும் குறைத்துவிட வேண்டும்.