சீனாக்காரர் ஓட்டலில் சாப்பாடு

லில்லி அக்கா போய்விட்டார் என்று பக்கத்து வீட்டு பாத்திமா போனில் சொன்னபோது நான் எண்ணூர் பேருந்தில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாய்க் கிடந்தன. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

அக்கா இருந்த ராயபுரத்துச் சீனாக்காரர் ஓட்டல் உங்களில் பலருக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஒரு காலத்தில் சில சீனக் குடும்பங்கள் இருந்தன. கப்பல் சமையல்காரராக வந்து இங்கேயே தங்கிவிட்ட அக்காவின் அப்பா, சீன மாலுமிகள் தங்குவதற்காக அந்த மாடிக் கட்டடத்தை எடுத்தார். வாசலில் 'ஓட்டல்' என்று பலகை மாட்டினார். அங்கேதான் வந்தது வினை. நம் ஊரில் தங்குவதற்கு லாட்ஜ். ஓட்டல் என்றால் சாப்பாடு. மனிதருக்கு அது தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்தவர்கள் நேரே நுழைந்து, "துன்றதுக்கு இன்னா கீது?" என்றார்களாம். இல்லை என்று சொல்லத் தமிழ் வராமல், தன் சோற்றையும் மீனையும் பங்கு வைத்தார்.

"நைனா பலகைய மாத்தலாம்னாரு. எங்கம்மா ராயபுரத்துக்காரி இல்ல? பலகைய வுடு, ஒலைல இன்னும் கொஞ்சம் அரிசி போடுன்னுச்சு," என்று சொல்லிச் சிரிப்பார் அக்கா. அப்படித்தான் அது நிஜமாகவே ஓட்டலானது.

மாலுமிகள் வருவது நின்றது. பிறகு ஓட்டல் சமையலும் நின்றது. நான் மாடி அறைக்குக் குடிவந்தபோது பலகை மட்டும்தான் மிச்சம். மதியத் தூக்கத்தில் கப்பல் சங்கு கேட்கும். கட்டடமே மெல்ல நகர்வதுபோல் இருக்கும். சொன்னால் அக்கா கிண்டல் செய்வார். "கட்டடம் எங்கியும் போவாதுடா. நாமதான் போய்க்கினு கீறோம்."

இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட, கட்டடத்தைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். உறவுக்காரர்களும் விற்கச் சொன்னார்கள். அக்கா அசையவில்லை. பலகையைப் பார்த்து வருகிறவரிடம் அவர் எடுத்த எடுப்பில் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. "உக்காரு" என்பார், பிறகுதான் தனக்கு வடித்த சோற்றுப் பானையைப் பார்ப்பார். "நான் போய்ட்டா, பசியோட வர்றவன யாரு உக்காரச் சொல்லுவா?" என்று என்னிடம் கேட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பினோம். சாவு வீட்டில் அடுப்பு எரியவில்லை. பாத்திமா கொண்டுவந்த சோறு யாரும் தொடாமல் மூடியே இருந்தது. அப்போது லாரி ஓட்டுநர் ஒருவர் வாசலில் தலையை நீட்டினார். "இன்னாணா, சாப்பாடு கீதா?"

கூடத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கட்டடம் இனி என்னவாகுமோ, அது என் கையில் இல்லை. அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னேன்.

"உக்காரு."