கட்டுப் பல்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் பேனா பிடித்தது அதிகப்படிதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவே எனக்குக் கூச்சம். ஒரே ஒரு நாள் பேசினேன், அதைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை விரித்துக் காட்டுபவர். முன்பற்கள் இரண்டும் கட்டுப் பல். கல்யாணமான புதிதில், அவர் வாய் கொப்பளிக்கும்போது பார்த்துவிட்டேன். "யார்ட்டயும் சொல்லிராத. எங்க அம்மைக்கே தெரியாது" என்றார். கடையில் அவர் சிரிப்புக்கு நல்ல பேர்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சாயங்காலம், மயிலாப்பூர் குளத்தோரம் சைக்கிளில் போனோம். நான் பின்னால் கேரியரில். வேன் ஒன்று இடித்தது. நான் மணல் குவியலில் விழுந்தேன். அவர் முகம் ரோட்டில் மோதியது. அவருக்கு நினைவில்லை; வாயெல்லாம் ரத்தம், மூச்சு கொர்கொர் என்று இழுத்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சோடாவை உடைத்துக்கொண்டு வந்தார். "இன்னாம்மா பாத்துக்கினு கீற? வாயத் தொற, ஊத்தலாம்!"

"ஊத்தினா மூச்சு முட்டிச் செத்துடுவாருய்யா. அத நீயே குடி!" பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு நர்ஸம்மா குனிந்து உட்கார்ந்தார். சோடாக்காரரையே தலையை அசையாமல் பிடிக்கச் சொல்லி, உடம்பை ஒருசேர ஒருக்களிக்க வைத்தார். வாயைத் திறந்து, விரலில் கைக்குட்டையைச் சுற்றி, தெரிந்த ரத்தக்கட்டியை வழித்தார். கொர்கொர் நிற்கவில்லை. பிறகு அந்தச் சத்தமும் நின்றது. மார்பு மட்டும் எக்கியது.

"உள்ள வேற ஏதாவது இருக்கா? கட்டுப் பல்லு?"

என் வீட்டுக்காரருடைய கடை ஆள் ஒருவரும் கூட்டத்தில் நின்றிருந்தார்.

"மேல் பல்லு ரெண்டு" என்று முணுமுணுத்தேன். நர்ஸம்மாவுக்குக் கேட்கவில்லை. "மேல் பல்லு! கட்டினது!" என்று கத்தினேன்.

நர்ஸம்மா தாடையை முன்னால் தூக்கிப் பார்த்தார். நாக்குக்குப் பின்னால் கட்டுப் பல்லின் ஓரம் தெரிந்தது. இரண்டு விரலால் பிடித்து மெதுவாக எடுத்தார். என் வீட்டுக்காரர் இருமினார். மூச்சு வந்தது.

"இந்தாம்மா, பத்திரம்." வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார். தாடையில் கட்டு, பேச முடியவில்லை. முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன். சற்று நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குக் கடையிலிருந்து இரண்டு பேர் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.