ஈரப் புழுக்கை

எருமப்பட்டிச் செங்கோட்டையன் பட்டாளத்தில் சேர்ந்தது கஞ்சிக்குத்தான். யாராவது வீரம், வெங்காயம் என்று சொன்னால் நம்ப வேண்டாம். மழை பொய்த்த வருஷம் பட்டியிலிருந்த நாற்பது செம்மறியில் முப்பத்தொன்று செத்தது. மிச்சத்தை மாமனாரிடம் ஓட்டிவிட்டு, வாசலைத் தாண்டிய பிறகுதான் பெண்டாட்டி உண்ணாமலையிடம் சொன்னான். அவள் மண்ணை வாரித் தூற்றினாள். தூற்றாமல் என்ன செய்வாள், வயிற்றில் ஆறு மாசம்.

பெங்களூரில் கண்ணிவெடி எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கப்பலேற்றி, நாற்பத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் இத்தாலி மலையொன்றின் அடியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

மலையைப் பார்த்ததுமே செங்கோட்டையனுக்குத் தெரிந்துவிட்டது, இது ஆடு மேய்ந்து மேய்ந்து உண்டான மலை. புல்லைப் பாய் விரித்த மாதிரி ஒட்டக் கடித்திருந்தது. முட்செடி ஒவ்வொன்றும் கவிழ்த்த பானைபோல உருண்டு நின்றது. குளம்பு பட்டுப் பட்டு முழங்கால் ஆழத்துக்குத் தேய்ந்த தடம் ஒன்று நேராக மேலேறியது. அது போய் முடிகிற இடத்தில், சேறில்லாமல் கல் அடுக்கிய வட்டப் பட்டி.

“கொல்லிமலைக்கு மொட்டையடிச்சு உட்டாப்பல இருக்குது” என்றான் உடன் வந்த அம்மாசி.

அந்தப் பட்டிக்குள்தான் எடப்பாடி மாதையன் கிடந்தான். அதே கம்பெனிச் சிப்பாய், காலையில் சுற்றுப்பாதை வழியாக மேலே போனவன். குண்டுச் சிதறல் தொடையைக் கிழித்துவிட்டது. இடையன் ஒருவன் ரத்தத் துணியை ஆட்டிக் காட்டியதை அவில்தார் பச்சமுத்து தூரக்கண்ணாடியில் பார்த்தார். சுற்றுப்பாதைமேல் இன்னமும் குண்டு விழுந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்தது ஆட்டுத்தடம். பின்வாங்கிய ஜெர்மன்காரன் நாலு நாளைக்கு முன்னால் அதில் வெடி புதைத்திருப்பான் என்று சந்தேகம். மரப்பெட்டி வெடி; இரும்பைத் தேடும் கருவிக்கு அகப்படாது. ஒவ்வொரு சாணாகக் கத்தியால் குத்திப் பார்த்துத்தான் ஏற வேண்டும்.

“பொழுது உழுந்துரும்டா. அதுவரைக்கும் அவன் தாங்க மாட்டான்” என்றார் பச்சமுத்து.

செங்கோட்டையன் தடத்தில் குனிந்தான். புழுக்கை கிடந்தது. கருகருவென்று, ஈரம் மின்ன. விரலில் நசுக்கினான், உள்ளே பச்சை.

“ஏனுங்க, இது இன்னைக்குக் காத்தால போட்டதுங்க. ஆடு மந்தையா நடந்திருக்குது. வெடி இருந்திருந்தா இங்க புழுக்கையா கெடக்கும், கறியில்ல கெடக்கும்?”

“நெசமாத்தான் சொல்றியா?”

“பொறந்ததுலருந்து இதைத்தானுங்க மிதிச்சுட்டுத் திரியறன்.”

பச்சமுத்து தலையசைத்தார். செங்கோட்டையன் முன்னால் நடக்க, தூக்குக்கட்டிலோடு அம்மாசி பின்னால் வந்தான். விறுவிறுவென்று பாதி மலை ஏறிவிட்டார்கள்.

அங்கே ஒரு குத்துப் புழுக்கை. அதுவும் ஈரந்தான், அதுவும் மின்னியது. ஆனால் ஒன்றிலிருந்து வெள்ளையாக ஒரு முளை கிளம்பி, இரண்டு இலை விட்டிருந்தது.

செங்கோட்டையன் தூக்கிய காலைப் பழைய அடியிலேயே வைத்தான். விதை முளைத்து இலை விட எட்டு நாளாவது வேண்டும். எருமப்பட்டி வெயிலில் காலைப் புழுக்கை உச்சிக்குள் காய்ந்து உமியாகிவிடும். இந்தக் குளிரில் எப்போது காயும்? பத்து நாளானாலும் காயாது. வெடி வைப்பதற்கு முன்னால் நடந்த ஆடு இது.

“அம்மாசி, அசையாத.”

“ஏன்டா?”

“ஏமாந்துட்டன். இது பழசு.”

அதற்கு அம்மாசி சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

“நீ காலடி பாத்துக் கீழ எறங்கீரு. வந்த அடியிலயே வெச்சு எறங்கு” என்றான் செங்கோட்டையன்.

“எறங்கி? கட்டில ஒத்தையில நீ தூக்குவியா? பெரிய பீமன். குத்துடா, வாய மூடிட்டு.”

செங்கோட்டையன் குப்புறப் படுத்தான். கத்தியைச் சாய்த்து மண்ணில் விட்டான். ஒரு சாண். இன்னொரு சாண். மூன்றாவது சாணில் முனை மரத்தில் தட்டியது. விரலால் மண்ணை வழித்தான். வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு பெட்டி. நடந்தே போயிருந்தால் அடுத்த எட்டு அதன்மேல்தான். பக்கத்தில் வெள்ளை நாடா கட்டிய குச்சியை நட்டுவிட்டு ஒதுங்கி ஊர்ந்தான். மேலே சுவரோரம் நின்ற இடையன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். பட்டி போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு பெட்டி. செங்கோட்டையன் சிறுநீர் விட்டிருந்தான். அது எப்போது என்று அவனுக்கே தெரியாது.

பட்டிக்குள் ஆடுகள் நெருக்கியடித்துப் படுத்திருந்தன. சூட்டுக்காக இடையன் மாதையனை அவற்றின் நடுவில் கிடத்தி, தொடையைக் கம்பளிக் கயிற்றால் இறுக்கியிருந்தான். உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் திறந்தது.

“பொண்ணுப் பாக்கப் போறாப்பல அசஞ்சு அசஞ்சு வாரீங்களே” என்றான் மாதையன்.

நாடா நட்ட வழியிலும், அதற்குக் கீழே ஏறி வந்த காலடியிலுமே வைத்து இறக்கினார்கள். வைத்தியக் கூடாரத்தில் மாதையனின் காலை எடுத்துவிட்டார்கள், உயிர் தப்பியது.

பச்சமுத்து செங்கோட்டையன் தோளைத் தட்டினார். “மேல எழுதிப் போடறன்டா. வெடி எங்க இருக்குது, எங்க இல்லீன்னு புழுக்கையப் பாத்தே சொல்லிப்போட்ட.”

அம்மாசி காட்டிக்கொடுக்க மாட்டான். செங்கோட்டையன் சும்மா இருந்திருந்தால் மெடல்கூட வந்திருக்கும்.

“இல்லீங்க. தப்பாச் சொல்லி ரெண்டு பேத்தையும் கொல்லப் பாத்தனுங்க” என்றான். “நம்ம கம்பெனியில ஆடு மேச்சவன் இன்னும் பத்துப் பேரு இருக்கறான். எல்லாத்தையும் நிக்க வெச்சு, என்ற பேரச் சொல்லியே சொல்லிப்போடுங்க. இந்த ஊருப் புழுக்கைய நம்பி எவனும் கால வெக்க வேண்டாமுன்னு.”

மறுநாள் அணிவகுப்பில் பச்சமுத்து சொன்னார். சிரித்தார்கள். போர் முடியும்வரை அவனுக்குப் பெயர் ‘புழுக்கை’. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவன் திரும்பிப் பார்த்தான்.