ஏழாவது புள்ளி

நீலகிரித் தைலமும் தேயிலைச் சாயமும் எலுமிச்சைச் சாறும் மருதாணிப் பொடியோடு கலந்த வாசனை வந்தால் மற்றவர்களுக்குக் கல்யாண வீடு ஞாபகம் வரும். எனக்கோ நோட்டை ஒளித்துவைத்த அரிசி டின்தான் ஞாபகம் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், கோட்டைமேட்டில் எங்கள் தெருவில் மருதாணி 'கோன்' போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: பத்தாவது படித்துக்கொண்டிருந்த நானும், என்னைவிட இரண்டு வயது மூத்த மாமி மகள் சபீனாக்காவும். பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக் 'கோன்' செய்து, மணப்பெண்ணின் வலக்கை எனக்கு, இடக்கை அக்காவுக்கு என்று ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தால், மதியம் தொடங்கியது பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். டிசைன்களை யோசித்து நோட்டில் வரைவது நான். ஆனால் கோடு இழுப்பதில் அவள் கைதான் ஒரு படி மேல், அது தெரிந்துதான் எனக்குள் லேசாக எரிந்துகொண்டிருந்தது.

இதையே தொழிலாக வைத்து நிலைத்து நிற்க வேண்டும் என்று எனக்கு அந்த வயதிலேயே வெறி. கலை செய்கிறவர்களுக்கு எது கிடைக்காவிட்டாலும் அறிவுரை கிடைத்துவிடும். ஒப்பணக்கார வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அத்தா, "சரக்கக் காட்டு கண்ணு, எங்க புடிச்சேன்னு காட்டாதே" என்று மகளான எனக்குச் சொல்வார். "தாயும் புள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேற" என்றும் சேர்த்துக்கொள்வார். சும்மா இருந்த எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நோட்டின் பக்கங்களை எண்ணிவைத்தேன், அரிசி டின்னுக்குள் புதைத்தேன், அதோடு நிற்காமல் ஒரு பொறியும் வைத்தேன். என்னுடைய மாங்காய் டிசைனின் வளைவில் ஏழு புள்ளி வரவேண்டும். நோட்டிலும் ஆறே வைத்து, ஏழாவது இடத்தை வெறுமையாக விட்டு, எல்லா மணப்பெண்களின் வலக்கையிலும் அப்படியே போட்டேன். திருடுகிறவள் அந்த ஓட்டையையும் சேர்த்துத்தான் திருடுவாள் என்பது என் கணக்கு.

இரண்டே மாதத்தில் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். நாங்கள் தொடாத ஒரு மணப்பெண்ணின் கையில் என் மாங்காய் இருந்தது, ஆறு புள்ளியோடு. நோட்டைப் பார்த்தவள் சபீனாக்கா ஒருத்திதானே என்று, பெண்கள் நிறைந்த அந்தக் கூடத்திலேயே, "நீதானே குடுத்துப்போட்டே?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை, சத்தமும் போடவில்லை. "நான் குடுத்திருந்தா அந்தத் தப்பத் திருத்தித்தான் கண்ணு குடுத்திருப்பேன்" என்றாள். திமிரைப் பார் என்று நினைத்தேன். அன்றோடு இருவரும் சேர்ந்து போடுவது நின்றது.

அடுத்த வருடம் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு கைகளையும் நான் ஒருத்தியே போட்டு முடித்து, தைலக் கறையைக் கழுவிவிட்டு வந்தபோது, யாரோ ஒரு பெண் மணப்பெண்ணின் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் நிதானமாக வரைந்துகொண்டிருந்தாள். மணப்பெண் பெருமையாக விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நோட்டைத்தான் டின்னில் பூட்டினேன். கையை எங்கே பூட்டுவது?

சபீனாக்கா வீடு நாலு வீடு தள்ளித்தான். ஆனால் நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்டால், அவள் கைதான் மேல் என்று ஒப்புக்கொண்டு வலக்கையையும் அவளுக்கே கொடுத்ததாக ஆகிவிடும் என்று ஒரு பயம். அவளுக்குக் கோபியில் மாப்பிள்ளை முடிவானதும் மாமி வந்து, "அம்மணி, நீதான் வந்து போட்டுடோணும்" என்றார். இதில் ஏதோ குத்திக்காட்டல் இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, மருதாணி போடும் நாளில் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் கல்யாணத்தில் மணமேடைக்குப் போய் அவள் கைகளைப் பார்த்தேன். இடக்கை முழுவதும் என் மாங்காய். அவளே தனக்குப் போட்டுக்கொண்டது. ஏழு புள்ளியும் இருந்தன. வலக்கையில், மாமி அரைத்து வைத்த இலை மருதாணியில், உள்ளங்கைக்கு ஒரு வட்டமும் விரல்களுக்குத் தொப்பியும் மட்டும். வேறு யாரையும் அந்தக் கையைத் தொட அவள் விடவில்லையாம். பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபிக்குப் போனவள் அதன்பிறகு கோனைத் தொடவே இல்லை என்று மாமி பின்னால் சொன்னார்.

போன மாதம் ஒரு கல்லூரியில், கலைத்துறையில் நீண்டநாள் நிலைத்து நிற்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். டிசைனைச் செல்போனில் படமெடுத்துத் திருடுகிறார்களே, என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். படத்தின் குறுக்கே பெயரைப் போடு, முழுசாகக் காட்டாதே என்று அத்தாவைப் போலவே சரளமாகச் சொன்னேன். அவள் அதை எழுதிக்கொண்டபோது எனக்கே என் பேச்சில் நம்பிக்கை வரவில்லை.

இப்போது கோன் கடையில் ரெடிமேடாக வருகிறது, தைல வாசனை இல்லை, நோட்டும் தேவையில்லை. முப்பது வருடமாக நிலைத்து நிற்கிறேன் என்பது உண்மைதான். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எவளை நம்புவது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் வலக்கையை முடிக்கும்வரை, மணப்பெண்ணின் இடக்கை தலையணைமேல் சும்மாதான் கிடக்கிறது.