மேவிஸ் பின்னால் வருகிறாள்

கிளிஃபோர்ட் ஆக்ராய்ட் குறித்த நாளில், குறித்த மணியில் பிறந்தவர் என்று இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் சொல்வார்கள். மருத்துவச்சி கையிலிருந்த தேநீரைக் குடித்து முடிக்கக்கூட அவர் பொறுக்கவில்லையாம். வளர்ந்ததும் ஊர்ப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை எழுதும் வேலை. எந்த வண்டி எந்த நிமிடத்தில் எந்தத் திருப்பத்தில் நிற்க வேண்டும் என்று கட்டம் போட்ட தாளில் கலர் பென்சிலால் கோடு இழுப்பது. முப்பத்தெட்டு வருடம் இழுத்தார். தேனிலவுக்கு ஸ்கார்பரோ போனபோது, கடல்நீர் கரையேறுவது ஒன்பது நிமிடம் தாமதம் என்று துறைமுக அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்த மனிதர் அவர். இதில் மிகை ஏதும் இல்லை. இருப்பதாகத் தோன்றினால் ஒன்பதை எட்டாக்கிக்கொள்ளலாம்.

அவர் மனைவி மேவிஸுக்குக் கம்பள ஆலையில் வேலை. நெய்து வரும் கம்பளம் கண்முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றபடியே அறுந்த இழையைக் கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருடம் நின்றாள். வாழ்க்கையில் அவளுக்கு இருந்த பெரிய ஆசை, உட்காருவது.

வருடத்துக்கு ஒரு தடவை, இலையுதிர் காலத்தில், வார இறுதி ஓய்வுக்கு இருவரும் யார்க் நகரத்துக்குப் போவார்கள். திட்டம் கிளிஃபோர்டுடையது. 9.05 பேராலயம். 10.20 கோட்டைச் சுவர்மேல் நடை. 11.45 ஆற்றங்கரை. அடியில் ஒரு வரி: 'ஓய்வு, 3.10 முதல் 3.25 வரை.'

"கால் மணி நேரம் ஓய்வா? ஆலையிலகூட இருபது நிமிஷம் குடுத்தானே, கிளிஃப்."

"போன வருஷம் பத்துதானே குடுத்தேன்? அதைவிடக் கூடத்தான்."

அவர் பத்தடி முன்னால் நடப்பார். முனைக்கு முனை திரும்பி நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். விடுதியிலோ சாப்பாட்டுக் கடையிலோ "வீட்டம்மா எங்க?" என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "பின்னாடி வர்றா." நாற்பது வருடம் சொன்ன பதில்.

கிளிஃபோர்ட் ஓய்வு பெற்ற வருடம் மேவிஸ் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இந்தத் தடவை திட்டம் என்னுது." யார்க்கில் பூதம் என்ற சாலைப் பக்கம் திருமதி தெல்மா பிக்கர்ஸ்கில் நடத்தும் விடுதிக்கு அவளே கடிதம் போட்டாள். மாடியில், தெருவைப் பார்த்த ஜன்னலும் அதன் முன் இரண்டு சாய்வு நாற்காலியும் உள்ள அறை வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். திட்டத்தையும் அவளே எழுதினாள். 'வெள்ளி: உட்காருவது. சனி: உட்காருவது. ஞாயிறு: முடிந்தால் எழுந்திருப்பது.'

"இதெல்லாம் ஒரு திட்டமா?" என்று கிளிஃபோர்ட் இரண்டு நாள் சண்டை போட்டார்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, சமையலறையில், கெட்டில் கொதிக்கட்டும் என்று காத்திருந்த மேவிஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். நின்றபடியே.

அறையை ரத்து செய் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கிளிஃபோர்டால் முடியவில்லை. அவர் தொழிலில் ஒரு விதி உண்டு: அட்டவணையில் போட்ட வண்டி கிளம்பியே ஆக வேண்டும். ஏற ஆளில்லை என்பது காரணம் ஆகாது. குளிர்கால ஞாயிறுகளில் காலி வண்டிகளை மலை ஏற்றி இறக்கியவர் அவர்தான். ஆகவே வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் ஏறி, நனைந்த குடையோடு தெல்மாவின் வாசலில் போய் நின்றார்.

தெல்மாவுக்குப் பேராயர் வந்தாலும் கண்ணுதான், பால்காரர் வந்தாலும் கண்ணுதான். "உள்ள வா கண்ணு, நல்லா நனைஞ்சிருக்க. எங்க உன் பொண்டாட்டி?"

"பின்னாடி வர்றா," என்றார் கிளிஃபோர்ட்.

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்னதும் திருத்தியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் வாசல் நடையில் நின்று, தண்ணீர் சொட்டச் சொட்ட, 'இல்லை, செத்துவிட்டாள்' என்று சொல்லி அந்த அம்மாளைச் சங்கடப்படுத்துவதா? ஹாலிஃபாக்ஸ்காரர்கள் அதற்கு ஆற்றில் குதிப்பதே மேல் என்பார்கள். தெல்மா கதவைச் சாத்தாமல் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தாள். பிறகு யாருக்கோ வழி விடுவதுபோல் சற்று ஒதுங்கி நின்று, சாத்தினாள்.

சனிக்கிழமை காலை, சாப்பாட்டு அறையில் இரண்டு தட்டு, இரண்டு கோப்பை.

"அவளுக்குத் தலைவலி. படுத்திருக்கா."

"அதுக்கென்ன, மேல கொண்டுவந்து குடுத்துட்டாப் போச்சு."

தட்டு மேலே போயிற்று. முட்டை, பன்றியிறைச்சி, தக்காளி, எண்ணெயில் பொரித்த ரொட்டி. காலித் தட்டுத்தானே கீழே போக வேண்டும்? ஏற்கெனவே ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டிருந்த கிளிஃபோர்ட் கண்ணில் நீர் வர இரண்டாவதையும் உள்ளே தள்ளினார். 8.55க்கு வெளியேறினார். சட்டைப்பையில் மேவிஸின் திட்டம் இல்லை. அவருடைய பழைய திட்டம்தான் இருந்தது.

கோட்டைச் சுவர்மேல் மழையில் நடந்தார். பின்னால் காலடி கேட்டது. குதிகால் கொஞ்சம் இழுக்கும் நடை. நின்றார், அதுவும் நின்றது. திரும்பினார். ஈரக் கல்லும், கீழே யாரோ ஒருவரது தோட்டத்து முட்டைக்கோசும்தான். மறுபடி நடந்தார். பத்தடி தள்ளி, அதே இழுவை. அதன் பிறகு அவர் நடக்கவில்லை, ஏறக்குறைய ஓடினார். காலடி ஓடவும் இல்லை, விடவும் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு விடுதிக்குத் திரும்பியபோது, மாடிப்படியில் பக்கத்து அறை மிஸ் டோர்டாஃப் எதிர்ப்பட்டார். பிராட்ஃபோர்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொன்ன பிள்ளைகளை வாசனையிலேயே பிடித்தவர் என்று பெயர்.

"உங்க வீட்டம்மாவோட பேசிட்டிருந்தேன். ரொம்ப நல்லவங்க. அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டை அவங்களே பின்னினதாமே?"

கிளிஃபோர்ட் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அந்தச் சட்டையைச் சவப்பெட்டியில் வைக்கும்போது அவளுக்குப் போட்டுவிடச் சொல்லி எடுத்துக் கொடுத்தவரே அவர்தான்.

"என்ன... என்ன பண்ணிட்டிருந்தா?"

"ஜன்னல்கிட்ட உட்காந்திருந்தாங்க. கதவு திறந்திருந்தது, எட்டிப் பாத்தேன். வெயில் இதமா இருக்குன்னாங்க."

"இன்னைக்கு முழுக்க மழை."

"அதத்தான் நானும் சொன்னேன். 'அப்படியா? அங்க மழையா?'ன்னு கேட்டாங்க. கொஞ்சம் ஞாபக மறதியோ, பாவம்." மிஸ் டோர்டாஃப் இறங்கிப் போய்விட்டார்.

பயந்திருந்தால் கிளிஃபோர்ட் அன்று மாலை ரயிலைப் பிடித்திருப்பார். 6.12க்கு ஒன்று, 7.04க்கு ஒன்று. அவருக்கு வந்தது பயம் இல்லை, பொறாமை. வழியில் போகிற பிராட்ஃபோர்ட்காரிக்குத் தரிசனம் தருகிறாள், கட்டினவனுக்குக் கிடையாதா?

அறைக்குள் ஓடினார். இரண்டு நாற்காலியும் காலி. கட்டில் ஓரத்தில் அமர்ந்து அவற்றையே முறைத்துப் பார்த்தார். 5.20. 5.35. 5.50. குழாயில் தண்ணீர் கடகடத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. "மேவிஸ்," என்று கூப்பிட்டுப் பார்த்தார். 6.05. இன்னும் ஒரு காலைதான் மிச்சம். ஞாயிறு பத்து மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், 10.48க்கு ரயில். அதற்குள் அவளைப் பார்க்காவிட்டால் இனி எங்கே போய்ப் பார்ப்பது?

ஞாயிறு காலை, படுக்கை விரிப்பு மாற்ற வந்த தெல்மா கதவைத் தட்டினாள். பெட்டி கட்டாமலே கிடந்தது. கிளிஃபோர்ட் கோட்டும் தொப்பியுமாக அறை நடுவில் நின்றிருந்தார்.

"திருமதி பிக்கர்ஸ்கில், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மன்னிக்கணும். என் பொண்டாட்டி... வரலை. வரவே இல்லை. அவ செத்து மூணு வாரம் ஆச்சு."

அந்தச் சொல்லை அவர் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாதிரியாரிடம் சொன்னபோதுகூட 'அந்த விஷயம்' என்றுதான் சொல்லியிருந்தார்.

"தெரியும் கண்ணு," என்றாள் தெல்மா, தலையணை உறையை உருவிக்கொண்டே.

"தெரியுமா?"

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாளே. டீ கொண்டாந்து வெச்சேன், நீ துண்டு தேடிப் போயிருந்த. 'அவனுக்கு இதெல்லாம் சொல்ல வராது, கூச்சப்படுவான், நீங்க தெரியாத மாதிரியே இருங்க'ன்னா. நேத்தும் என்னைப் பிடிச்சுக்கிட்டா. 'ரெண்டு தட்டையும் அவனே தின்னுட்டு வயித்தைப் பிடிக்கப் போறான், அந்தப் பொரிச்ச ரொட்டியையாவது விட்டுடக் கூடாதா?'ன்னு."

கிளிஃபோர்ட் தொப்பியைக் கழற்றினார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் முகம் ஒரு பக்கமாகக் கோணிற்று.

"எல்லார் கண்ணுக்கும் தெரியறா. எனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்கிறா?"

"கேட்டேனே. 'அவன் உட்கார்ந்தா வர்றேன்'ன்னா."

"நேத்து சாயங்காலம் உட்கார்ந்தேனே! ஒரு மணி நேரம்!"

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டா?"

தெல்மா அழுக்கு விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கினாள்.

"பத்து மணிக்குக் காலி பண்ணணும்னு கீழ அட்டையில எழுதி வெச்சிருக்கேன். அது மத்தவங்களுக்கு. நீ இரு கண்ணு." கதவை முழுக்கச் சாத்தாமல் போனாள்.

கோட்டைக் கழற்றினார் கிளிஃபோர்ட். இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். பேராலய மணிகள் அடிக்க ஆரம்பித்தன. எண்ணத் தொடங்கிய விரலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பூனை ஒன்று கூரை விளிம்பில் நடந்தது, நின்றது, நக்கிக்கொண்டது. ஒரு பாட்டி நாயை இழுத்துக்கொண்டு போனாள். சற்றுப் பொறுத்து நாய் அவளை இழுத்துக்கொண்டு வந்தது. 10.48 போயிருக்க வேண்டும். 11.32ம் போயிருக்கலாம். போகட்டும் என்று நினைத்தார், நினைத்ததும் தோள்கள் தாமாகத் தாழ்ந்தன.

எப்போது என்று அவரால் பின்னாளில் சொல்ல முடியவில்லை. நேரம் சொல்லத் தெரியாத நிகழ்ச்சி அவர் வாழ்க்கையில் இது ஒன்றுதான். வலப்பக்க நாற்காலியின் பிரம்பு மெல்லக் கிறீச்சிட்டது. ரொம்ப நேரம் நின்ற ஒருத்தி கடைசியில் உட்காரும்போது விடுவாளே ஒரு மூச்சு, அது கேட்டது. கண் ஓரத்தில் ஏதோ பச்சை.

கழுத்து திரும்பத் துடித்தது. திரும்பவில்லை. தெருவையே பார்த்தபடி, மிக மெதுவாகக் கேட்டார்.

"உட்கார வசதியா இருக்கா, மேவிஸ்?"

"பேசாம இரு, கிளிஃப்."

அவர் பேசாமல் இருந்தார்.