வெள்ளிக்கிழமைச் சூடம்

கொழும்பில் பக்கத்து வீட்டார் சூடம் கொளுத்தும்போதெல்லாம், நமுனுகுல மலையடியில் நாங்கள் வாழ்ந்த, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயமும், அதன் தகரக் கூரையில் விடாமல் பெய்த மழையும், ஈர விறகின் புகையும் என்னைச் சூழ்ந்துகொள்கின்றன. அந்த லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டு மரம் நட்டிருக்கிறார்கள்.

அப்பா சாமி இல்லை என்பவர். வெள்ளிதோறும் முனியாண்டிக் கல்லுக்குச் சூடம் கொளுத்தப் போகும் அம்மாவை, "கல்லுக்குக் காது இருக்கா?" என்று கேலி செய்வார். தங்கை காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா வேண்டாத வேண்டுதல் இல்லை. அவள் பிழைக்கவில்லை. அதன்பின் அம்மா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் அப்பா போகத் தொடங்கினார். அடைமழையிலும், தீப்பெட்டியைச் சட்டைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளியும்.

ஒருநாள் அம்மா வாசலை மறித்தாள்.

"நீங்கதானே சாமி இல்லன்னீங்க? இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. இன்னும் எதுக்குப் போறீங்க?"

அப்பா தீப்பெட்டியைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டார்.

"சாமி இல்லன்னா, நம்ம பாப்பா இப்ப எங்கயுமே இல்லன்னு ஆயிடுமே. அத என்னால நம்ப முடியல."

அம்மா விலகி வழிவிட்டாள். நனையாமலிருக்க ஒரு சாக்கை மடித்து அவர் தலையில் போட்டுவிட்டாள். கூடப் போகவில்லை.