சமுத்திரம் ஏரியில் இடம் சுற்றியவன்

சனிக்கிழமை, காலை ஐந்தரை மணி. ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் மினி லாரி வந்து நின்றது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து என் படகைத் தூக்கி அதில் ஏற்றினோம். டிரைவர் ரஃபி பாய் ஆரணிக்காரர். படகைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"திருவண்ணாமலைக்கா சார் எடுத்துனு போறோம்? அங்க மலைதான இருக்குது. கடலு உங்க வூட்டுக்குப் பின்னாடியே இருக்குதே."

"அங்கே ஏரி இருக்கிறது பாய். சமுத்திரம் ஏரி."

"பேர்ல மட்டும் சமுத்திரம்" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை இறுக்கினார். இரண்டு நாளைக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாடகை, சுங்கம் தனி. படகின் பாயை நன்றாகச் சுருட்டிக் கட்டச் சொன்னேன். "என்ன வச்சுக்கினே பாயக் கட்டுன்றீங்களே சார்" என்றார். வழி நெடுக இந்த ஒரு ஜோக்கை வைத்தே ஓட்டினார்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினோரு அடி நீளம், பிளைவுட்டில் செய்தது, ஒரே ஒரு பாய், மோட்டார் கிடையாது, ஓர் ஆள் ஓட்டலாம். இந்த வகைச் சின்னப் படகை டிங்கி என்பார்கள். ஐந்து வருடங்களுக்கு முன்னால் நானும் மூன்று நண்பர்களும் இதற்குப் பிளான் வரைந்து, 'நாரை' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டோம். எல்லாரும் ஒரே அளவில் செய்தால் போட்டியில் படகுக்குப் படகு வித்தியாசம் இருக்காது, ஓட்டுகிறவரின் கைதான் பேசும். அப்படி ஒரே அளவில் செய்த படகுகளின் கூட்டத்துக்குக் 'கிளாஸ்' என்று பெயர். ஒரே ஒரு படகு இருந்தால் அது கிளாஸ் ஆகாது. எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. மூன்று வருடம் மெனக்கெட்டு என் போர்டிகோவில் நான் செய்தது. மற்ற மூவரும் மரம் வாங்கிய பில்லோடு நின்றுவிட்டார்கள்.

கிளாஸுக்கு விதிகளும் எழுதி வைத்திருந்தோம். எழுதினவன் நான்தான். முதல் போட்டியில் ஜெயிக்கும் படகுக்கே பாயில் 1 என்ற நம்பர். போட்டி எப்படி ஓட வேண்டும் என்பதை நடத்துகிறவர்கள் முடிவு செய்யலாம். நடத்துகிறவனும் நான், ஜெயிக்கிறவனும் நான் என்ற தைரியத்தில் எழுதியது.

போன மாதம் திருவண்ணாமலையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. 'எங்கள் ஊரில் ஒரே வருடத்தில் ஐந்து நாரைப் படகுகள் செய்திருக்கிறோம். செங்கம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனிக்கிழமை கண்காட்சி. ஞாயிறு காலை சமுத்திரம் ஏரியில் முதல் போட்டி. தாங்கள் படகோடு வர வேண்டும்.' கீழே 'தேன்மொழி, ஃபர்னிச்சர் கடை' என்று கையெழுத்து. படித்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது. ஐந்தா? ஒரே வருடத்திலா? கடலே இல்லாத ஊரிலா?

எட்டரை மணிக்குச் செஞ்சிக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தினோம். டீ பதினைந்து ரூபாய். பக்கத்து வயலிலிருந்து வந்த ஓர் அம்மா படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தெப்பத்துக்குங்களா?"

"இல்லம்மா. இது போட்டிக்கு."

"சாமி இல்லாத தெப்பமா?" என்று கேட்டுவிட்டுத் தொட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை முழுசாகத் தெரிந்தது. ரஃபி பாய் வேகத்தைக் கம்மி பண்ணி, "பாத்துக்கோங்க சார், இன்னிக்கு மேகமே இல்ல" என்றார். நான் மண்டபத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலை பத்தே முக்கால். மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். உள்ளே மணமேடையில், மணமக்கள் உட்காருகிற இடத்தில், ஒரு நாரையைக் கவிழ்த்து வைத்து மேலே சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். மற்ற நான்கும் நடுவில் வரிசையாக நின்றன. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கிரிவலம் முடித்துவிட்டுச் செருப்பில்லாமல் வந்தவர்கள், ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள், ஆட்டோக்காரர்கள், அடி அண்ணாமலையிலிருந்து டிராக்டரில் வந்த ஒரு குடும்பம். ராயபுரத்தில் மூன்று வருடத்தில் என் படகைப் பார்க்க வந்தவர்கள் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர்கள்.

என் படகுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள், சாப்பாட்டு ஹாலுக்குப் போகிற வழியில், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில்.

தேன்மொழிக்கு நாற்பது வயதிருக்கும். காதில் பென்சில், கையில் மரத்தூள். கதவு, ஜன்னல், கட்டில் செய்து விற்கிறவர். வந்து கும்பிட்டு, "நீங்க வந்ததே பெரிய விஷயம் சார். உங்க பிளான் இல்லன்னா இந்த ஊர்ல ஒரு படகும் இல்ல" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "பிளான்ல ஒரு சின்ன தப்பு இருந்துச்சு. சரி பண்ணிட்டோம்."

"தப்பா?"

"மூணாவது குறுக்குச் சட்டத்துல நாலு எம்.எம். கம்மி சார். அப்படியே வெட்டுனா அந்த எடத்துல பலக உள்ள போய் நெளியுது."

என் படகில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் உண்டு. தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதை நான் மூன்று வருடமாக 'இடுப்பு வளைவு' என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வேலை செய்கிற விதமே வேறு. நான் ஒவ்வொரு பலகையாக அளந்து, வெட்டி, தப்பு பண்ணி, மறுபடி வெட்டினேன். தேன்மொழி ஹார்ட்போர்டில் ஒரே ஒரு தடவை அச்சு வெட்டிக்கொண்டு, ஐந்து படகுக்கும் ஒரே நேரத்தில் பலகை அறுத்துவிட்டார், கல்யாண சீஸனுக்கு முப்பது கட்டில் செய்கிற மாதிரி. பலகைகளைத் துளையிட்டுச் செம்புக் கம்பியால் தைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு பசை பூசி, காய்ந்ததும் கம்பியை உருவிவிடுவார்களாம். பாய் வெட்டித் தைத்தது கணேச குருக்கள். கோயிலில் பூஜை முறை உள்ள குடும்பம். "அம்பாளுக்குத் தினம் புடவை கட்டுற கை சார் இது, துணி எங்க இழுக்கும், எங்க தொய்யும்னு தெரியும்" என்றார். அவர் தைத்த பாயில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு வினை வந்தது. தேன்மொழி தன் படகின் வெளிப்புறத்தில் மூன்றாவது சட்டத்தின் அச்சை வைத்து, காகிதம்கூட நுழையாது என்று கூட்டத்துக்குக் காட்டினார். முன்னால் நின்ற ஒருவர் வெள்ளை மனசோடு, "அந்தப் படகுலயும் வச்சுக் காட்டுங்களேன்" என்று என் படகைக் கை காட்டினார். தேன்மொழி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வைத்தார். அச்சுக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து உள்ளே விட்டார். சாவி சுகமாகப் போய் வந்தது. "ஜாஸ்தி கேப்பு இருக்குதுங்களே" என்றார். அன்றைக்கு மண்டபத்தில் போட்ட சாப்பாடு நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இறங்கவில்லை.

அந்த ஊரில் எனக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். இருபது வருடமாகக் கடலில் பாய் பிடித்த கை. இவர்கள் போன வருடம்தான் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். படகு அவர்களுடையது நன்றாக இருக்கட்டும், நம்பர் 1 என்னுடையது. தேரடித் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் ஆயிரத்து இருநூறு ரூபாய் அறையில் இதைச் சொல்லிக்கொண்டே தூங்கிப்போனேன்.

ஞாயிறு, காலை ஏழரை. இந்தத் தை மாதம் ஏரி நிரம்பியிருந்தது. தண்ணீரில் மலை தலைகீழாகக் கிடந்தது. கரையில் இருநூறு பேராவது இருப்பார்கள். கணேச குருக்கள்தான் நடுவர். தோளில் துண்டு, கழுத்தில் விசில். தேன்மொழி எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார், போட்டி விவரம். தமிழில் அழகாக டைப் அடித்திருந்தது. ஏரியில் ஓட்டுகிறவர்கள் எனக்கு என்ன விவரம் சொல்லப்போகிறார்கள் என்று நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விஷயம் சின்னதுதான். ஏரி நடுவில் ஓர் ஆரஞ்சு டிரம் மிதக்கிறது. அதைச் சுற்றிவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும்.

விசில். காற்று எதிரே அடித்தது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டித்தான் ஏற வேண்டும். அங்கேதான் அனுபவம் பேசும். பாதி தூரத்திலேயே ஐந்து பேரையும் பின்னால் விட்டேன். மனசு குளிர்ந்தது, ஒளிப்பானேன்? டிரம்மை இடது கைப் பக்கம் வைத்து ஒடித்துத் திருப்பினேன். நான் போட்டியிட்ட இடத்திலெல்லாம் அப்படித்தான். கரையில் பெரிய சத்தம் எழுந்தது. பின்னால் தேன்மொழியும் எதையோ கத்திக் கையை ஆட்டினார். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

திரும்பும்போது காற்று முதுகில். திறமைக்கு அதிகம் வேலையில்லை, படகு ஓட வேண்டும். தேன்மொழியின் படகு நெருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு படகு நீளம்தான் வித்தியாசம். நான் கரையைத் தொட்டேன், முதலாவதாக. ஒருவரும் கை தட்டவில்லை.

குருக்கள் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார். "என்ன சார், அப்பிரதட்சிணமா வந்துட்டேளே!"

"எல்லா இடத்திலும் டிரம்மை இடது பக்கம்தான் விடுவார்கள்."

"எல்லா எடத்துலயும் விடலாம் சார்" என்றார் கரையில் நின்ற ஓர் ஆட்டோக்காரர். "இந்த ஊர்ல யாரு சார் எடமா சுத்துவாங்க?"

பையிலிருந்து தாளை எடுத்தேன். நனைந்திருந்தது. முதல் வரியே அதுதான்: 'மிதவையை வலமாகச் சுற்ற வேண்டும்.' இங்கே எல்லாரும் மலையை வலது கைப் பக்கம் வைத்தே நடக்கிறார்கள். ஏரியில் மட்டும் மாறுமா? எப்படி ஓட வேண்டும் என்பதை நடத்துகிறவர்கள் முடிவு செய்யலாம் என்று எழுதியதும் நான்தான்.

"எவ்ளோ கத்துனோம் சார்" என்றார் குருக்கள். "தேன்மொழி அந்த எடத்துல பாயையே தளர விட்டுட்டு நின்னு கூப்பிட்டாளே, கேக்கலியா?"

அப்போதுதான் உறைத்தது. எனக்குச் சொல்வதற்காக நின்றுவிட்டு, பிறகு ஒரு படகு நீளத்துக்கு என்னை எட்டிப் பிடித்திருக்கிறார்.

தேன்மொழி படகைக் கரையேற்றிவிட்டு வந்தார். "சார், மொதல்ல வந்தது நீங்க. எனக்கு இப்படி நம்பர் வாங்கிக்க மனசு வரல. காத்து இன்னும் இருக்குது. இன்னொரு வாட்டி ஓட்டிடலாம், வாங்க."

கூட்டம் என்னைப் பார்த்தது. ஓட்டலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நிற்காமல் ஓட்டினால் நான் தோற்பேன். இப்போதாவது 'முதலில் வந்தான், ஊர் வழக்கம் தெரியாமல் நம்பரை விட்டான்' என்று சொல்லிக்கொள்ளலாம். வலமாகச் சுற்றித் தோற்றால் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

"விதின்னா விதிதான்" என்றேன், முடிந்தவரை கம்பீரமாக. "நம்பர் 1 உங்களுடையது."

அதற்குத்தான் கை தட்டினார்கள். இருநூறு பேரும். குருக்கள் தன் துண்டை எனக்குப் போர்த்தி, "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். தேன்மொழிக்குக் கண் கலங்கியது. நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பகல் பன்னிரண்டு. ஆரணியில் தங்கிவிட்டு ரஃபி பாய் லாரியோடு வந்து சேர்ந்தார். படகை ஏற்றும்போது தேன்மொழி காகிதத்தில் சுற்றிய ஒரு பலகையைக் கொடுத்தார். மூன்றாவது சட்டத்தின் ஹார்ட்போர்டு அச்சு. "அடுத்த படகுக்கு ஆவும் சார்." கூடவே பாயில் ஒட்டுவதற்கு 2 என்ற எண்ணையும் கறுப்புத் துணியில் வெட்டி வைத்திருந்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் ரஃபி பாய் கேட்டார். "என்ன ஆச்சு சார்? ஜெயிச்சீங்களா?"

"முதலில் வந்தேன்" என்றேன்.

மனிதர் குஷியாகிவிட்டார். செஞ்சியில் வண்டியை நிறுத்தி, நான் தடுக்கத் தடுக்க, டீயும் சமோசாவும் தன் காசில் வாங்கிக் கொடுத்தார். கடைக்காரரிடமும் சொன்னார். ராயபுரத்து நண்பர்களிடம் நானும் அதையேதான் சொன்னேன். "சாமி ஊர் இல்லையா, சுற்றுகிற திசையில் மாட்டிவிட்டார்கள்" என்று எனக்காக அவர்கள் கோபப்பட்டார்கள். நான் மறுக்கவில்லை.

என் வீட்டிலிருந்து கடல் எட்டு நிமிட நடை. வருடம் முழுக்கத் தண்ணீர், வருடம் முழுக்கக் காற்று. அவர்களுக்குக் கோடையில் வற்றுகிற ஏரி. அங்கே இப்போது ஆறாவது, ஏழாவது படகுக்குப் பலகை அறுக்கிறார்களாம், குருக்கள் படம் அனுப்பியிருந்தார். பெரிதாக்கி, குறை இருக்கிறதா என்று பார்த்தேன்.

2 என்ற எண்ணை இன்னும் பாயில் ஒட்டவில்லை. அந்த அச்சு போர்டிகோ சுவரில் தொங்குகிறது. வீட்டில் யாரும் இல்லாத சமயம் அதை எடுத்து என் படகின் மூன்றாவது சட்டத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிறகு என் வண்டிச் சாவியை இடையில் விட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் போய் வருகிறது.